உயிரோடு இருப்பவர் தட்டு

மராமுரேஷ், ருமேனியா
6 செப்டெம்பர் 2024

அன்புள்ள புஸ்பவதிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். சுகம் என்று எழுதுவது பழக்கதோஷம், பெரிதாக எடுக்க வேண்டாம். ஹனோவரில் இருந்து இவ்விடம் வர மூன்று நாள் பிடித்தது. ஹங்கேரியில் ஒருமுறை பிழையான பாதையில் ஏறி நாற்பது கிலோமீற்றர் போய்த் திரும்பினேன். பக்கத்தில் இருந்து வழிப்பலகை வாசிக்க நீர் இல்லை.

கைப்பேசியைக் குசினி மேசையில் விட்டு வந்தது மறதியால் அல்ல. கையில் இருந்தால் நீர் அழைத்தீரா என்று மலை வளைவிலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு நாள் ஒரே வீட்டில் இருந்தும் நீர் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அந்த மௌனத்தை இங்கேயும் கொண்டுவர எனக்குத் தைரியம் இல்லை.

நான் செய்தது எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆவணி ரோகிணிக்கும் நீர் உமது தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொல்லி அர்ச்சனை செய்வீர். நீர் ஜெர்மனிக்கு வந்த நாளில் இருந்து இருபத்து மூன்று தடவை நான் உம்மோடு கைகூப்பி நின்றேன். உயிரோடு இருப்பவனுக்குச் செய்கிற அர்ச்சனை அது. கிருபன் உயிரோடு இல்லை என்று தெரிந்துகொண்டே நின்றேன். இந்த வருடம் ஐயர் "கிருபாகரன், ரோகிணி நட்சத்திரம்" என்று சொன்னபோது கூப்பிய கையை இறக்கிவிட்டேன். திரும்பி வரும் வழியில் ஆட்டோபான் ஓரத்தில் காரை நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

அவன் வழியில் எங்களைப் பிரிந்து இத்தாலிக்குப் போகிறவர்களோடு போய்விட்டான் என்று 1998இல் உமக்கு நான் எழுதியது பொய். எங்கே புதைத்தார்கள் என்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. மலைக்குள் ஒரு மடம். சின்ன மரத் தேவாலயம், ஓடையின் மேல் கூரை போட்ட பாலம், அந்தப் பாலம்தான் வாசல். ஊர்ப் பெயர் தெரியாது. களவாக எல்லை கடத்திவிட்ட ஏஜென்சிக்காரன் அப்போது எங்களுக்கு எந்த ஊரின் பெயரையும் சொல்லவில்லை. உக்ரைன் பக்கம் இருந்து மலை ஏறி ருமேனியாவுக்குள் இறங்கினோம், அவ்வளவுதான். அதைத் தேடித்தான் வந்திருக்கிறேன். கண்டுபிடிக்காமல் உமது முகத்தைப் பார்க்க மாட்டேன்.

பின்பக்கத்தில் இருக்கும் முகவரியில் இரண்டு கிழமை தங்குவேன். வீட்டுக்காரி பத்து வருடம் நூரன்பேர்க்கில் வயோதிபரைப் பார்த்தவர், ஜெர்மன் கதைப்பார். எழுதுவீர் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் தபால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று அவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

புவனேந்திரன்

—

ஹனோவர்
13 செப்டெம்பர் 2024

நிலக்சியின் அப்பாவுக்கு,

கைப்பேசியை மட்டுமா விட்டுவிட்டுப் போனீர்கள்? சீனி வருத்த மருந்தும் குளியலறைத் தட்டில் அப்படியே இருக்கிறது. மலை ஏறுகிற ஆள் மருந்தை விட்டுவிட்டுப் போகலாமா? பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அது அக்கறை இல்லை. அங்கே நீங்கள் மயங்கி விழுந்தால் அலைய வேண்டியது என் மகள்.

நிலக்சி பிராங்பேர்ட்டில் இருந்து ஒவ்வொரு நாளும் கோல் எடுத்து "அப்பா எங்கே" என்று கேட்கிறாள். விடுமுறையில் போயிருக்கிறார் என்றேன். இந்த வீட்டில் பொய் சொல்லத் தெரிந்த ஆள் நீங்கள் மட்டும் இல்லை.

நான் கேட்பதற்குப் பதில் எழுதுங்கள். காரில் வைத்து "அவன் இல்லை" என்றீர்கள். இப்போது "புதைத்தார்கள்" என்று எழுதுகிறீர்கள். எப்படி இல்லாமல் போனான்? என்றைக்கு? அந்த நேரம் நீங்கள் எங்கே நின்றீர்கள்? கொழும்பில் உங்களை வழியனுப்பும்போது நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "தம்பியின்ரை கையை விட்டிடாதேங்கோ" என்றேன். நீங்கள் ஓம் என்றீர்கள். அந்த ஓமை நம்பித்தான் அவனை விட்டேன்.

செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எத்தனை அன்ட்ராக் படிவம் எழுதினேன். ஒவ்வொன்றையும் ஜெர்மனில் நிரப்பித் தந்தது நீங்கள். காணாமல் போனவரின் உயரம், தலைமயிர் நிறம், பல் அடையாளம் எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினீர்கள். உங்கள் கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

வேலைக்குப் போகிறேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இப்போது உருளைக்கிழங்கு சூப் காலம். பின்னேரம் வந்து இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு ஒன்றைக் கழுவி வைக்கிறேன். கை பழகிவிட்டது, வேறொன்றுமில்லை.

ஒன்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

புஸ்பவதி

—

மராமுரேஷ்
21 செப்டெம்பர் 2024

அன்புள்ள புஸ்பவதிக்கு,

உமது கடிதம் ஏழு நாள் கழித்து வந்தது. தபால்காரர் தூரத்தில் வரும்போதே கையை உயர்த்திக் காட்டினார். மருந்தும் வந்தது. போட்டுக்கொண்டேன்.

எழுதச் சொன்னதை எழுதுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் வழியைச் சொல்ல விடும். நேரே அந்த இடத்துக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை.

இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் வீட்டைவிடப் பெரிய மரப் படலை. வயல் முழுக்க வைக்கோலைக் கம்பில் சுற்றி நிறுத்தியிருக்கிறார்கள். மாலையில் மாடுகள் தாங்களாகவே வீடு திரும்பித் தங்கள் படலையில் நிற்கின்றன. நான் பதினொரு மடங்களுக்குப் போய்விட்டேன். எல்லா மடத்திலும் பூசைக்கு முன்னால் ஒரு நீளப் பலகையைச் சுத்தியலால் தட்டுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அன்றைக்கு நான் அந்த மடத்தைக் கண்டடைந்தேன். இப்போதும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று நினைத்து வந்தேன். எல்லா இடத்திலும் தட்டுவார்கள் என்று எனக்கு யார் சொன்னது.

தேவாலயத்துக்கு வெளியே மெழுகுதிரி வைக்க இரண்டு தட்டுகள் இருக்கும். மேல்தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு. முதல் மடத்தில் தெரியாமல் உமக்கும் நிலக்சிக்கும் ஏற்றிய திரிகளைக் கீழ்த்தட்டில் நட்டுவிட்டேன். ஒரு கன்னியாஸ்திரி ஓடிவந்து இரண்டையும் பிடுங்கி மேலே நட்டுவிட்டு, எனக்கு விளங்காத மொழியில் விளங்கும்படி திட்டினார். நீர் பக்கத்தில் நின்றிருந்தால் அவரோடு சேர்ந்து திட்டியிருப்பீர். கிருபனுக்கு வாங்கிய மூன்றாவது திரி என் சட்டைப்பைக்குள் இருக்கிறது. உம்மைக் கேட்காமல் எந்தத் தட்டிலும் அதை வைக்க எனக்கு உரிமை இல்லை.

இனி அந்த நாள். 1998 தைப்பொங்கல் அன்று காலை. நாங்கள் ஒன்பது பேர், வழிகாட்ட ஒருவன். கிருபனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சப்பாத்துக்குள் பனி போய்க் கால் வீங்கியிருந்தது. விடிந்ததும் சிரித்துக்கொண்டு, "அக்கா இப்ப வீட்டு முத்தத்திலை பொங்கிக்கொண்டிருப்பா" என்றான். ஒரு மணித்தியாலம் அவனைத் தோளில் சாய்த்து நடந்தேன். மற்றவர்கள் மறைந்துவிட்டார்கள். ஒரு மரத்தடியில் இருந்துவிட்டான். "அத்தான், நீங்கள் நடவுங்கோ. நான் இதிலை கொஞ்சம் இருந்து வாறன்" என்றான்.

என் கழுத்துத் துணியை அவனுக்குச் சுற்றிவிட்டு, ஆள் கூட்டி வருகிறேன் என்று சொன்னேன். அவன் என் கையைப் பிடித்திருந்தான். நான்தான் விரல்களைக் கழற்றினேன், புஸ்பம்.

பலகைச் சத்தம் கேட்டு இறங்கி மடத்துக்குப் போனேன். துறவிகள் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியோடு வந்தார்கள். போய்ச் சேரும்போது மத்தியானம். அவன் அதே மரத்தில் சாய்ந்தபடி இருந்தான். கை இன்னும் சூடாக இருக்கிறது என்று நான் சொன்னேன். இருக்கவில்லை.

அன்ட்ராக் நிரப்பும்போது என் கை நடுங்கவில்லை என்று எழுதியிருந்தீர். நடுங்காமல் இருக்க மேசையில் முழங்கையை ஊன்றி எழுதினேன். இன்றைக்கும் படிவம் நிரப்பும்போது அப்படித்தான் எழுதுகிறேன்.

நாளை மலைக் கணவாயைக் கடந்து புகோவினா பக்கம் போகிறேன். புது முகவரி பின்னால். காரில் நீர் இருக்கும் பக்கத்துக் கால்விரிப்பில் ஓரிடம் தேய்ந்திருக்கிறது. நான் வேகமாக ஓடும்போதெல்லாம் நீர் இல்லாத பிரேக்கை மிதிப்பீரே, அந்த இடம். வளைவுகளில் அதைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைக்கிறேன்.

புவனேந்திரன்

—

ஹனோவர்
28 செப்டெம்பர் 2024

நிலக்சியின் அப்பாவுக்கு,

வாசித்தேன். வேலைக்குப் போகும்போது ட்ராமில் வாசிக்கத் தொடங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, கடைசித் தரிப்பு வரைக்கும் போய்விட்டேன். சாரதி வந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். என் தம்பி செத்துவிட்டான் என்று சொன்னேன். எப்போது என்று கேட்டார். என்ன சொல்வது? இன்றைக்கு என்றேன்.

அவனுக்கு மிகவும் குளிர்ந்திருக்குமா? இது என்ன கேள்வி என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். பின்னேரம் கடையில் ஆண்களின் கம்பளிக் காலுறையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.

உங்களோடு கதைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் ஒன்றை எழுதிய பிறகு நானும் ஒன்றை எழுத வேண்டும். கிருபன் போகமாட்டேன் என்றவன். சாவகச்சேரியில் ரேடியோ திருத்தும் கடையில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். "அக்கா, என்னை விடுங்கோ, நான் இங்கை ஒரு மூலையிலை இருந்திடுவன்" என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தான். நான்தான் அவன் உடுப்பை அடுக்கினேன். அத்தான் தனியாகப் போகப் பயப்படுவார், துணையாகப் போ என்று சொல்லித்தான் அனுப்பினேன். உங்களிடம் அவனைப் பார்க்கச் சொன்னேன், அவனிடம் உங்களைப் பார்க்கச் சொன்னேன்.

அவன் உங்களை நடக்கச் சொன்னது ஏன் என்று இப்போது விளங்குகிறது. நான் சொல்லி அனுப்பியதை அவன் செய்தான்.

இதை இருபத்தாறு வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. அவன் எங்கேயோ உயிரோடு இருந்தால் என்மேல் பிழையில்லை. அதற்காகவும்தான் அர்ச்சனை செய்தேனோ தெரியாது.

உங்கள்மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கையைக் கழற்றியதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கழற்றாமல் இருந்திருந்தால் இரண்டு பேரையும் இழந்திருப்பேன். ஆனால் அதன் பிறகு என் பக்கத்தில் படுத்து எழும்பிக்கொண்டு சொல்லாமல் இருந்தீர்களே, அதுதான். நான் அழுதிருப்பேன். அழுது முடித்திருப்பேன். அவனுக்கு வருடா வருடம் திவசம் கொடுத்து, ஒரு வாழையிலையில் அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு படைத்திருப்பேன். அவனைப் பட்டினி போட்டுவிட்டீர்கள்.

இடத்தைக் கண்டுபிடியுங்கள். கல்லில் என்ன பெயர் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

புஸ்பவதி

—

புகோவினா
7 ஒக்டோபர் 2024

அன்புள்ள புஸ்பவதிக்கு,

கண்டுபிடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, மரக்குற்றி ஏற்றிய லொறி ஒன்று பின்னுக்கு வர, அதற்கு வழிவிட ஒரு மண் பாதையில் ஒதுங்கினேன். திருப்ப இடமில்லாமல் மேலே போனேன். ஓடை, அதன் மேல் கூரை போட்ட பாலம். காரை நிறுத்திவிட்டு நெடுநேரம் இறங்காமல் இருந்தேன். பக்கத்து இருக்கையைப் பார்த்து "வந்திட்டம்" என்று சொன்னேன். என்னவோ, வாயில் வந்தது.

இப்போது இங்கே நான்கு துறவிகள்தான். அவர்களில் இளையவர் துறவி ஆவதற்கு முன் ஸ்டுட்கார்ட்டில் கட்டட வேலை செய்தவராம். என்னைவிட நல்ல ஜெர்மன். அன்றைக்குச் சறுக்கு வண்டியோடு வந்த பழைய துறவி எட்டு வருடம் முன் காலமாகிவிட்டார். நிலம் உறைந்திருந்ததால் அதன் மேல் நெருப்பு மூட்டி இளக வைத்துத் தோண்டினார்கள் என்று நான் சொன்னபோது, இளையவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. பழையவர் அடிக்கடி சொல்வாராம்.

கல் இல்லை, புஸ்பம். மரச்சிலுவை. தேவாலயத்துக்குப் பின்னால், ஒரு அப்பிள் மரத்துக்குக் கீழே. பெயரை எழுதச் சொல்லியிருந்தீர். எழுதுகிறேன்.

சிலுவையில் என் பெயர் இருக்கிறது. "புவன்", கீழே 1998.

இதைத்தான் இன்னும் சொல்லாமல் வைத்திருந்தேன். அடக்கம் செய்யும்போது பழைய துறவி ஒரு கொப்பியை நீட்டிப் பெயர் கேட்டார். யார் கேட்டாலும் உண்மைப் பெயர் சொல்ல வேண்டாம் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். அவன் பெயரை எழுதினால் பொலிஸுக்குப் போகும், பொலிஸில் இருந்து உமக்குப் போகும் என்று பயந்தேன். அது ஒரு காரணம். மற்றது, கிருபன் என்ற பெயரை அந்தக் கொப்பியில் எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதிவிட்டால் முடிந்துவிடும். அதனால் என் பெயரை எழுதினேன். செத்தவன் நானாக இருந்தால் உமக்குச் சொல்ல யாராவது வேறு ஆள் இருந்திருப்பான் என்றும் அன்றைக்கு நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் இங்கே இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஞானஸ்நானம் பெறாதவரின் பெயரைப் பொதுப் பட்டியலில் சேர்க்கக் கூடாதாம். பழையவர் அந்தப் பெயரைத் தன் சொந்தத் தாளில், தன் தாய் தகப்பன் பெயரோடு எழுதி வைத்திருந்தார். அவர் போன பிறகு இளையவர் அந்தத் தாளை வாசிக்கிறார். நேற்று முன்தினம் நான் பின்வரிசையில் நின்றேன். வரிசையாகப் பெயர்கள், ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் "புவன்" என்றார். இருபத்தாறு வருடமாகச் சனிக்கிழமை தோறும் நான் இங்கே செத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அது பொருத்தமாகத்தான் பட்டது. வெளியில் வந்து அப்பிள் மரத்தடியில் இருந்து அழுதேன். அங்கே வைத்துத்தான் முதல் தடவை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

சிலுவையின் அடி உக்கிவிட்டது. பனி விழுவதற்குள் புதிது நட வேண்டும் என்கிறார் இளையவர். என்ன பெயர் வெட்டுவது என்று கேட்டார். இருப்பது என் பெயர் என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர், "ஒருமுறை நீர் பெயர் கொடுத்துவிட்டீர். இந்தமுறை அவனுடைய சொந்த இரத்தம் கொடுக்கட்டும்" என்றார். அதனால் உமது கடிதம் வரும்வரை இங்கேயே இருக்கிறேன். விருந்தினர் அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. பகலில் அவர்களுக்கு விறகு அடுக்கிக் கொடுக்கிறேன்.

எனக்கு உம்மைப் பார்க்க வேண்டும். வேறு என்ன எழுதினாலும் அதைத்தான் சுற்றி எழுதுகிறேன். காலையில் எழும்பியதும் நீர் குசினியில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்காதா என்று படுத்தே கிடக்கிறேன். வரச் சொன்னால் வருவேன். வேண்டாம் என்றால் இந்தப் பக்கமே ஒரு அறை எடுத்து இருந்துவிடுவேன். ஏற்கெனவே பெயரும் பதிந்திருக்கிறது.

புவனேந்திரன்

—

ஹனோவர்
18 ஒக்டோபர் 2024, வெள்ளிக்கிழமை

நிலக்சியின் அப்பாவுக்கு,

கடைசி வரியில் எழுதிய பகிடி நன்றாக இல்லை. இனி எழுத வேண்டாம்.

சிலுவையில் வெட்ட வேண்டிய பெயரைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கிருபாகரன். முழுப் பெயரும். தமிழில் வெட்ட முடியுமா என்று அந்தத் துறவியிடம் கேளுங்கள். கட்டட வேலை செய்தவர்தானே, பார்த்து வெட்டுவார். எழுத்தைப் பெரிதாகவும் சுழி சுழியாகவும் எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்கும் கை வரவில்லை. உங்களைப்போல மேசையில் முழங்கையை ஊன்றித்தான் எழுதினேன்.

அந்தப் பழைய துறவியின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். என் தம்பியைத் தன் தாய் தகப்பனோடு சேர்த்து வைத்திருந்த மனிதர். எங்கள் வீட்டில் இனி அவர் பெயரும் இருக்க வேண்டும்.

ஐயரிடம் திதி பார்க்கச் சொன்னேன். அபரபக்கத் துவிதியை, தேய்பிறையில் இரண்டாம் நாள் என்றார். இனி வருடா வருடம் செய்வேன். சட்டைப்பையில் வைத்திருக்கும் திரியைக் கீழ்த்தட்டில் வையுங்கள். நான் சொல்கிறேன், வையுங்கள்.

நிலக்சிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு "அம்மா, அப்பா தனியாவே இருக்கிறார்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பிராங்பேர்ட்டில் இருந்து வந்து இன்று காலை என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போனாள்.

வெள்ளிக்கிழமைச் சனம். அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். ஐயர் என்னைக் கண்டதும் கேட்காமலே "கிருபாகரன், ரோகிணி" என்று தொடங்கினார். பாவம், அவருக்கும் பாடமாகிவிட்டது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "தம்பிக்கு இல்லையோ அக்கா?" என்றார்.

"தம்பிக்கு இல்லை, ஐயா. அவன் போயிட்டான். இது உயிரோடை இருக்கிறவருக்கு" என்றேன். புவனேந்திரன், அனுஷ நட்சத்திரம் என்று சொன்னேன். அவர் உங்கள் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அங்கே எத்தனை சனிக்கிழமை செத்தவரோடு அதை வாசித்திருந்தாலும் சரி, இங்கே ஒரு வெள்ளிக்கிழமை அதை மாற்றிவிட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. கோபம் இருக்கிறது. ஆனால் அதை வீட்டில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இரண்டாயிரம் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் ஆளோடு என்னால் கோபித்துக்கொண்டிருக்க ஏலாது. களைத்துப் போனேன். நானும் உங்களைப் பார்க்க வேண்டும். இரண்டாவது கோப்பையைக் கழுவிக் கழுவி அலுத்துவிட்டது.

சிலுவையை நட்டுவிட்டு, பனிக்கு முன் புறப்படுங்கள். தையில் நானும் வருவேன். அவனுக்கு இந்தக் காலுறையைக் கொண்டு வருவேன். கடையில் அன்றைக்கு வைத்துவிட்டு வரவில்லை, வாங்கிவிட்டேன்.

வரும்போது மெல்ல ஓடுங்கோ. பக்கத்தில் பிரேக் பிடிக்க ஆள் இல்லை.

புஸ்பவதி